கட்டுநாயக்கவில் இறங்கி வீட்டுக்குப் போவது: புத்தளம் ரோட்டின் ஒரு சிறு வரலாறு

பல்லக்கு

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து தென்னிந்தியக் கரையை நோக்கிப் போன ஒரு கப்பலைக் காற்று இலங்கையின் மேற்குக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. அதில் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இருந்தார். இறங்கிய ஊரை அவர் ‘பத்தாலா’ என்று குறிக்கிறார். அது நம்ம புத்தளம்தான் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட கருத்து. மரவேலியும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த சின்ன, அழகான ஊர் என்கிறார். வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கரையெல்லாம் குவிந்து கிடந்ததாகவும் எழுதியிருக்கிறார்.

பள்ளிக்கூடப் பாடத்துல கதை பெரும்பாலும் இந்த இடத்தோட நின்றுவிடும். இந்தக் கட்டுரைக்குத் தேவையானது அதுக்குப் பிறகு நடந்தது. அந்தக் கரையை அப்போது ஆண்டவர் ஆரியச்சக்கரவர்த்தி. பாவாத மலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, போய் ஆதம் நபியின் பாதச் சுவட்டைப் பார்க்க வேண்டும், அதுக்குத்தான் வந்தேன் என்று விருந்தாளி சொல்கிறார். உடனே ஏற்பாடு நடக்கிறது. ஒரு பல்லக்கு, அதைத் தூக்க ஆட்கள். வருடா வருடம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், துணைக்கு 10 பேர், சாப்பாட்டுச் சாமான் சுமக்க 15 பேர். இவர் திரும்பி வரும்வரை, ஒரு வருசம் ஆனாலும் கப்பலை எடுக்க மாட்டேன் என்று கப்பல் தலைவர் சொல்லிவிடுகிறார். அதுவரைக்கும் அந்தத் தலைவர் தன் விருந்தாளி என்று அரசர் பொறுப்பேற்கிறார்.

இன்றைக்கு இணையத்துல இதுக்குப் பெயர் ‘பிரைவேட் ட்ரான்ஸ்ஃபர்’. வாகனம், வழி தெரிந்த ஆள், சாப்பாடு, பாதுகாப்பு, ‘வெயிட்டிங்’ எல்லாம் அடக்கம். பாதையும் நமக்குத் தெரிந்ததுதான். மூங்கில் ஓடத்தில் ஒரு ஆற்றைக் கடந்து அரசரின் ஆட்சி எல்லையில் இருந்த ஒரு ஊருக்கும், அங்கிருந்து ‘பந்தர் சலாவாத்’ என்ற ஊருக்கும் போனதாக எழுதுகிறார். முதலாவது முந்தல் பக்கம் இருந்திருக்க வேண்டும், இரண்டாவது சிலாபம் என்று அடையாளம் காண்கிறார்கள். இன்று புத்தளத்திலிருந்து சிலாபம் போகிற பஸ்ஸும் முந்தல் வழியாகத்தான் போகுது.

நம்ம வரலாற்றுப் புத்தகங்களில் துறைமுகம் வரும், கப்பல் வரும், பிறகு விமான நிலையம் வரும். இறங்கின இடத்திலிருந்து வீடு வரைக்குமான நிலப் பயணம் மட்டும் வராது. யார் வண்டி பிடிச்சது? யார் காசு கொடுத்தது? வாசல்ல யார் காத்து நின்றது? கட்டுநாயக்கவுக்கும் புத்தளத்துக்கும் இடையில சுமார் 100 கிலோமீற்றர்தான். அந்தத் தூரத்தை யார், யாருக்காக ஒழுங்கு செய்தார்கள் என்று பார்த்துக்கொண்டு வந்தாலே இந்தக் கரையின் கடந்த 50 வருடக் கதையில் பெரும்பங்கு கையில் கிடைக்கும் என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது.

தண்ணீர், தண்டவாளம், தார்

இப்னு பதூதாவுக்குப் பிறகான சில நூற்றாண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று களப்புகளையும் ஆறுகளையும் கால்வாய்களால் தொடுத்தார்கள். அந்தத் தண்ணீர்ப் பாதையில் தட்டைப் படகுகள் போயின. புத்தளத்து உப்பும் பாக்கும் கொப்பராவும் தெற்கே போகும். ஆள் போவது குறைவு, சாமான் போவதுதான் அதிகம். பிறகு ரயில் வந்தது. 1909இல் நீர்கொழும்பு, 1916இல் சிலாபம், 1926இல் புத்தளம் என்று தண்டவாளம் மெதுவாக வடக்கே ஏறியது. அதுக்குப் பக்கத்திலேயே இன்று ஏ3 என்று அழைக்கப்படும் கொழும்பு–புத்தளம் ரோட்டு.

விமானம் வந்த கதை யுத்தத்தோட சம்பந்தப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை கட்டுநாயக்கவில் ஒரு தளம் அமைத்தது. 1957இல் அந்தத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. அப்போது நாட்டின் சர்வதேச விமான நிலையம் இரத்மலானை. பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது என்று 1960களில் கட்டுநாயக்கவைத் தேர்ந்தெடுத்தார்கள். கனடாவின் உதவியோடு வேலை நடந்தது. 1970இல் பண்டாரநாயக்கவின் பெயர் வைக்கப்பட்டது. 1977இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, 1995இல் திரும்ப வைத்தார்கள்.

கொழும்பு ஆட்களுக்கு விமான நிலையம் இரத்மலானையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போனது ஒரு தொல்லை. நமக்கு அது நேர்மாறு. நாட்டின் வாசல் கொழும்பைத் தாண்டி நம்ம பக்கமா நகர்ந்து வந்துவிட்டது. புத்தளம் மாவட்டத்துக்காரர் விமானம் ஏறக் கொழும்புக்குள் நுழையவே தேவையில்லை. மகா ஓயாப் பாலத்தைத் தாண்டிக் கொச்சிக்கடை, நீர்கொழும்பு, அடுத்தது எயார்போட். மாவட்டத்தின் தெற்கு எல்லையிலிருந்து பார்த்தால் அது கிட்டத்தட்ட பக்கத்து ஊர். இந்தக் கரையிலிருந்து இவ்வளவு பேர் வெளிநாடு போனதுக்கு இது மட்டும் காரணம் இல்லை. ஆனால் போவதும் வருவதும் ஊர் நிகழ்ச்சி ஆனதுக்கு இதுக்கு ஒரு பங்கு இருக்கு.

ஒருவருக்காகப் பத்துப் பேர்

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இரண்டு விசயங்கள் ஒரே காலத்தில் நடந்தன. ஒன்று, ஜப்பானிலிருந்து பாவித்த வேன்கள் இறக்குமதியாகி வந்தன. மற்றது, எண்ணெய்க் காசு கொழித்த மத்திய கிழக்கு நாடுகள் வேலையாட்களைக் கேட்டன. 1979இல் எயார் லங்கா தொடங்கியது. 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தின் மூலம் உருவானது. 1990களில் வேலைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். வீட்டுப் பணிப்பெண்களாகச் சவூதிக்கும் குவைத்துக்கும் அமீரகத்துக்கும் லெபனானுக்கும் போனார்கள். அவர்களும் மற்றவர்களும் அனுப்பிய காசு நாட்டின் தேயிலை வருமானத்தையே தாண்டியது.

அந்தப் பெண்ணை எயார்போட்டுக்குக் கொண்டுபோவது எது? ரயில் கட்டுநாயக்க வழியாகத்தான் போகுது. பஸ்ஸும் இருக்கு. ஆனா விமானம் பெரும்பாலும் நடுச்சாமம் கடந்துதான் புறப்படும். அந்த நேரத்துல ரயில் கிடையாது. பஸ்ஸில் போய் நீர்கொழும்பில் இறங்கிப் பெட்டியோடு இன்னொரு வண்டி மாறுவதும் நடக்கிற காரியமில்லை. அதனால ‘ஹயர்’. ஊரில் வேன் வைத்திருக்கிற யாரோ ஒரு நானாவிடமோ அண்ணனிடமோ முன்கூட்டியே சொல்லிவைப்பது. போக வர, காத்திருக்க, டீ குடிக்க எல்லாம் சேர்த்து ஒரே பேச்சு. எழுத்து ஒன்றும் இல்லை. வாங்கின கடன் இன்னும் அடையலன்னா வேன் காசும் கடன்தான். முதல் மாதச் சம்பளம் வந்த பிறகு பார்த்துக்கலாம் என்று வேன்காரர் சொன்னால் உண்டு.

‘டொல்பின்’ என்று ஊரில் பெயர் எடுத்த ஹைஏஸ் வேனில் போகிறவர் ஒருவர், வழியனுப்புகிறவர்கள் பத்துப் பேர். உம்மா, பிள்ளைகள், மச்சான், பக்கத்து வீட்டு ராத்தா. இந்த மாவட்டத்தில் எந்தச் சமூகத்து வேனுக்கும் இது பொருந்தும். மாதம்பையில் ரோட்டோரத்தில் குதிரைச் சிலையோடு ஒரு தேவாலயம் இருக்கு. அங்கே வேனை நிறுத்திக் காணிக்கை போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முன்னேஸ்வரத்துக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்கள் உண்டு. தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர்கள் உண்டு. யாசீன் ஓதி வேனில் ஏற்றுகிறவர்கள் உண்டு. ரோட்டு ஒன்று, பயமும் ஒன்று.

திரும்பி வரும்போது கணக்கு மாறும். போகும்போது ஆட்கள் இருந்த சீட்டில் வரும்போது பெட்டிகள் இருக்கும். வழியில் யாராவது மடக்கிவிடுவாங்களோ என்று ஒரு பயம் இருக்கும். எயார்போட் வாசலில் உதவி செய்கிற மாதிரி வந்து பேசி, தெரியாத வாகனத்தில் ஏற்றிப் பொருளைப் பறித்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. ஊர் வேனுக்கு மதிப்பு வந்தது இதனாலதான். வேன்காரரின் வீடு எது, அவருடைய உம்மா யார் என்று எல்லோருக்கும் தெரியும். இப்னு பதூதாவுக்கு அரசர் கொடுத்த பொறுப்பை இங்கே ஊர் கொடுத்தது.

எல்லோருக்கும் அந்த வேன் வரவில்லை. சம்பளம் கிடைக்காமல், அடிபட்டு, வீட்டுக்குச் சொல்லாமலே திரும்பி வந்த பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்காகப் பணியகம் கட்டுநாயக்கவில் ‘சஹன பியச’ என்ற ஒரு தங்குமிடத்தை நடத்துகிறது. இறங்கினவர் அங்கே தங்கலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லலாம், ஊர் போய்ச் சேர உதவி கிடைக்கும். அரசாங்கமே ஒழுங்கு செய்கிற ‘எயார்போட் ட்ரான்ஸ்ஃபர்’ இது. அது யாருக்குத் தேவைப்பட்டது என்பதுதான் நினைக்க வேண்டிய விசயம். இன்னும் சில வேன்கள் பயணிகள் வாசலுக்கே போகாது. சரக்குப் பகுதிப் பக்கம் போய்ப் பெட்டி ஒன்றுக்காகக் காத்து நிற்கும். அதுவும் இந்த ரோட்டின் வரலாறுதான்.

1990

இந்த ரோட்டுக்கு ஒரு வருடம் மிகவும் பாரமானது. 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே வேலை செய்த பல்லாயிரம் இலங்கையர்கள் பாலைவனம் கடந்து ஜோர்தான் போய், அங்கிருந்து விமானத்தில் கட்டுநாயக்கவில் வந்து இறங்கினார்கள். போனபோது இருந்த கனவும் இல்லை, கொண்டுவர வேண்டிய பெட்டியும் இல்லை. வீட்டில் கடன் மட்டும் அப்படியே இருந்தது.

அதே வருடம் ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது 2 மணி நேரம். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் பலர் படகில் கல்பிட்டியில் கரையேறினார்கள். மற்றவர்கள் நடந்தும் லொறியிலும் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்திலேயே தங்கினார்கள். பாலாவி, கல்பிட்டி, புத்தளம் பக்கம் முகாம்கள் எழுந்தன.

மூன்று மாதத்துக்குள் தெற்கிலிருந்து ஒரு வெறுங்கைக் கூட்டமும், வடக்கிலிருந்து ஒரு வெறுங்கைக் கூட்டமும் இந்த மாவட்டத்தில் வந்து சந்தித்தன. இந்த இரண்டையும் தனித்தனியா நிறையப் பேர் எழுதியிருக்கிறாங்க. சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கல்பிட்டிக் கரையில் படகை விட்டு இறங்கின குடும்பங்களிலிருந்தே, சில வருடம் கழித்து, பெண்கள் முகாம் ஓலைக் கொட்டிலிலிருந்து பாஸ்போட் எடுத்து ஏ3 ரோட்டு வழியாகக் கட்டுநாயக்கவுக்குப் போனார்கள். அகதியாக வந்த ஊரிலிருந்து தொழிலாளியாகப் புறப்பட்டார்கள். அவர்களை வழியனுப்பின வேனில் ஏறியவர்கள் முகாமில் பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர்கள். சொந்த ஊர்க்காரர்கள் எங்கெங்கோ சிதறிப் போயிருந்தார்கள்.

யுத்தம் கட்டுநாயக்கவுக்கே வந்தது 2001 ஜூலை 24ஆம் திகதி. விமானப்படைத் தளத்தையும் பயணிகள் விமானங்களையும் புலிகள் தாக்கினார்கள். 2007 மார்ச்சில் வானிலிருந்தும் தாக்கினார்கள். ஒவ்வொரு தாக்குதலுக்குப் பிறகும் சோதனைச் சாவடிகள் கூடின. வேனில் இருக்கிற எல்லோரும் இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும். அட்டையில் இருக்கிற பெயரும் பிறந்த ஊரும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். உடப்பிலிருந்து புறப்பட்ட தமிழ்க் குடும்பத்துக்கும் வென்னப்புவவிலிருந்து புறப்பட்ட சிங்களக் குடும்பத்துக்கும் அதே ரோட்டு ஒரே நீளமாக இருக்கவில்லை. சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த டிரைவர் என்றால் அவருக்குத் தனிக் கிராக்கி.

வென்னப்புவவின் ரோம்

இப்போ மாவட்டத்தின் தெற்குப் பக்கம் போவோம். வென்னப்புவ, மாரவில, சிலாபம். கத்தோலிக்கக் கடற்கரை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரைக்கும் இங்கே பல வீடுகளில் தமிழ் பேசினார்கள், கோயில்களில் தமிழில் ஜெபித்தார்கள். இன்று பெரும்பாலும் சிங்களம். நீர்கொழும்புப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் சிலவற்றில் மட்டும் தமிழ் இன்னும் மிஞ்சியிருக்கு. இந்தக் கரை வளைகுடாவை விட இத்தாலியைத்தான் அதிகம் பார்த்தது. வென்னப்புவவை ஊர்க்காரர்களே ‘குட்டி இத்தாலி’ என்பார்கள்.

தொடக்கம் தேவாலயத் தொடர்புகள் வழியாக, 1970களில். கன்னியாஸ்திரிகள், குருமார், அவர்கள் வழியாக வீட்டு வேலை. ஒருவர் போய் அக்காவை எடுப்பார், அக்கா மச்சானை எடுப்பார். வீசா இல்லாமல் இருந்தவர்களுக்கு 1986, 1990, 1998, 2002 என்று இத்தாலி அவ்வப்போது கொடுத்த பொதுமன்னிப்புகள் வழி திறந்தன. இன்று இத்தாலியில் வாழும் இலங்கையர் ஒரு லட்சத்துக்கு மேல். மிலானோ, ரோம், நாப்போலி, வெரோனா, கத்தானியா, மெஸ்ஸினா என்று பரவியிருக்கிறார்கள்.

ரோம் போகிற உல்லாசப் பயணிக்கு அங்கே என்ன ஏற்பாடு என்று கொஞ்சம் பாருங்க. பியூமிச்சினோ விமான நிலையத்திலிருந்து பழைய நகரத்துக்கு டாக்ஸிக்கு ஒரு நிலையான கட்டணத்தை நகரசபை விதித்திருக்கு. எதுவரைக்கும் அந்தக் கட்டணம்? அவுரேலியன் மதில் வரைக்கும். 3ஆம் நூற்றாண்டில் பேரரசர் அவுரேலியன் நகரத்தைப் பாதுகாக்கக் கட்டின மதில், இன்றைக்கு டாக்ஸிக் கட்டணத்தின் எல்லைக்கோடு. டாக்ஸி வேண்டாம் என்றால் சாரதியோடு வாடகைக்கு வரும் தனியார் கார். அதுக்கு 1992ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. டாக்ஸி போலத் தெருவில் நின்று ஆள் ஏற்ற முடியாது, முன்பதிவு வேண்டும். ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் கராஜுக்குத் திரும்ப வேண்டும் என்று பிறகு ஒரு விதி வந்தது. 2020இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நீக்கியது. ஒரு கார் எங்கே நின்று யாரை ஏற்றலாம் என்பதுக்கு அங்கே அவ்வளவு சண்டை.

வென்னப்புவக்காரர் அதே பியூமிச்சினோவில் இறங்கும்போது அந்தக் காரில் ஏறுவதில்லை. ரயிலில் போவார். அல்லது ஏற்கனவே அங்கே இருக்கிற உறவினர் ஒருவர் வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவார். பெயர் எழுதின பலகையோடு யாரும் நிற்பதில்லை. இங்கே கொச்சிக்கடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்துப் பேர் வழியனுப்பின ஆளை அங்கே ஒருவர் வரவேற்கிறார். அவரும் வராவிட்டால், சட்டைப்பையில் ஒரு விலாசம் மட்டும்தான்.

வீசா கிடைக்காதவர்களுக்கு வேனும் இல்லை, விமானமும் இல்லை. 1990களின் கடைசியிலும் 2000களின் தொடக்கத்திலும் இந்தக் கரையிலிருந்து மீன்பிடிப் படகுகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு இத்தாலியை நோக்கிப் போயின. பிறகு அவுஸ்திரேலியா. அவுஸ்திரேலியா திருப்பி அனுப்பியவர்கள் வாழ்க்கையில் முதல் முறையாகக் கட்டுநாயக்கவைப் பார்த்தது திரும்பி வந்து இறங்கினபோதுதான். அங்கிருந்து அவர்களை ஏற்றிப்போனது பொலிஸ் வாகனம். போன இடம் நீர்கொழும்பு நீதவான் நீதிமன்றம். குடும்பத்தின் வேன் நீதிமன்ற வாசலில் நின்றது.

2020 மார்ச்

இந்தக் கதை முழுவதும் ஒரே வாரத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டது 2020 மார்ச்சில். வட இத்தாலியில் கொரோனா பரவிக்கொண்டிருந்தது. மார்ச் 10ஆம் திகதியிலிருந்து இத்தாலி, தென்கொரியா, ஈரான் நாடுகளிலிருந்து வருகிறவர்கள் வீட்டுக்குப் போக முடியாது என்று அரசு அறிவித்தது. எயார்போட்டில் வேனுக்குப் பதிலாக பஸ்கள் நின்றன. இராணுவத்தின் மேற்பார்வையில் மட்டக்களப்பு மாவட்டத்துப் புனானைக்கும் பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காட்டுக்கும் கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரத்தில் வென்னப்புவ போய்ச் சேர வேண்டியவர், தெரியாத ஊருக்கு நாட்டின் குறுக்கே போனார்.

அதுக்கு முன்னரே வந்தவர்கள் ஏற்கனவே வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்களைத் தேடும் வேலை தொடங்கியது. மார்ச் 18ஆம் திகதி மாலை 4.30க்குப் புத்தளத்திலும் கொச்சிக்கடையிலும் பொலிஸ் ஊரடங்கு. நாடு முழுக்க ஊரடங்கு வந்தது அதுக்கு இரண்டு நாள் கழித்து. கொரோனாவுக்காக இலங்கையில் முதன்முதல் பூட்டப்பட்ட இடம் நம்ம மாவட்டம் என்பதை இன்றைக்கு எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறாங்க?

இவ்வளவு நாளும் இத்தாலிக் காசில் எழுந்த பல்கனி வைத்த மாடி வீடுகளைப் பார்த்துப் பெருமைப்பட்ட நாடு, ஒரே வாரத்தில் ‘இத்தாலிக்காரர்’ என்று விரலை நீட்டியது. இத்தனைக்கும் உள்நாட்டில் முதலில் தொற்று உறுதியானவர் இத்தாலியிலிருந்து திரும்பியவர் இல்லை. இத்தாலி உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டியாக வேலை செய்தவர். விருந்தாளியை வாகனத்தில் கூட்டிக்கொண்டு சுற்றுவது அவருடைய தொழில். நோய் அந்த வழியாக வந்தது. பழி போனது வேறு பக்கம். ஒரு வருடம் முன்னர், 2019 ஏப்ரலுக்குப் பிறகு, முஸ்லிம்கள் அனுபவித்ததைக் கிட்டத்தட்ட அதே பார்வையோடு இந்தக் கத்தோலிக்கக் கரையும் சில வாரம் அனுபவித்தது. இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. அளவும் காலமும் வேறு. சந்தேகம் எவ்வளவு சீக்கிரம் முகவரி மாறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

விமான நிலையம் மூடப்பட்டு, 2021 ஜனவரி 21ஆம் திகதிதான் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் வேலை இழந்து வளைகுடாவில் மாட்டிக்கொண்டவர்கள் ரிக்கட்டுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஊரில் வேன்களும் முற்றத்தில் நின்றன. லீசிங் கட்டணம் மட்டும் நிற்கவில்லை. அடுத்த வருடம் எரிபொருள் வரிசை வந்தது.

பெயர்ப் பலகை

இப்போது கட்டுநாயக்க வாசலில் ‘கல்பிட்டி’ என்று எழுதின பலகைகளைப் பார்க்கலாம். கைற் சேர்ஃபிங் செய்ய மே முதல் ஒக்டோபர் வரைக்கும் ஐரோப்பியர்கள் வருகிறார்கள். அவர்களில் இத்தாலியர்களும் இருக்கிறார்கள். விடுதியோடு சேர்த்து எயார்போட் பிக்கப்பையும் இணையத்திலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். ஏசி வேன், தண்ணீர்ப் போத்தல், டொலரில் விலை. சுமார் 3 மணி நேரத்தில் பாலாவிச் சந்தியில் திரும்பிக் கல்பிட்டி. 1990இல் மன்னார்ப் படகுகள் வந்து சேர்ந்த அதே தீபகற்பம்.

ரோட்டு மட்டும் பெரிசா மாறவில்லை. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்தது. அது தெற்கே, கொழும்புக்கு. 25.8 கிலோமீற்றர், அரை மணி நேரம்கூட ஆகாது. வடக்கே திரும்பினால் அதே ஏ3, அதே சந்திகள், அதே ரயில் கடவைகள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த பெண்கள் வீட்டுக்குத் திரும்பின பக்கம் அதிவேகப் பாதை இல்லை. இதை ஒரு தற்செயல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.

வேன் அதே வேன்தான் பல நேரம். பகலில் பலகையோடு வெள்ளைக்காரரை ஏற்றுகிற டிரைவர், இரவில் சவூதியிலிருந்து வருகிற ஊர்ப் பிள்ளைக்காக அதே வாசலில் நிற்பார். முதல் பயணத்துக்கு ரசீது இருக்கு, இணையத்தில் நட்சத்திரம் போட்டு விமர்சனம் இருக்கு. இரண்டாவதுக்கு ஒன்றுமே இல்லை. நாளைக்கு யாராவது இந்தக் கரையின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், உல்லாசப் பயணியின் பயணம்தான் ஆவணமாகக் கிடைக்கும். இப்னு பதூதா எழுதி வைத்ததால் பல்லக்கில் போன அவரைத் தெரியும். தூக்கினவர்களின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது. அந்தக் கதையே திரும்ப நடக்கும்.

இதைத் தடுக்க நம்மால ஒன்று செய்ய முடியும், அதுவும் இப்போதே செய்தால்தான். 1980களில் இந்த ரோட்டில் ஹயர் ஓட்டத் தொடங்கினவர்களுக்கு இப்போ 60, 70 வயசு. பலர் தொழிலை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவராவது இருப்பார். போய்ப் பேசுங்க. முதல் ஹயர் யாருக்கு, எந்த நாட்டுக்கு? எவ்வளவு காசு, கடனா? எந்தச் சாவடியில் எவ்வளவு நேரம் நின்றது? யார் திரும்பி வரவில்லை? சிலரிடம் பழைய ஹயர்க் கொப்பிகள்கூட இருக்கலாம். அதைப் படம் எடுத்து வையுங்க. கதை சொன்ன பெண்ணின் பெயரை அவர் விரும்பாவிட்டால் போட வேண்டாம், திகதியையும் ஊரையும் மட்டும் போட்டால் போதும். பல்கலைக்கழகத்தில் நாம் ஆவணக் காப்பகம் என்றால் கொழும்பில் இருக்கிற கட்டடம் என்று நினைக்கிறோம். இந்த விசயத்தில் அது பாலாவியிலும் முந்தலிலும் வென்னப்புவவிலும் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கு.